சுபஹுக்குப் போய் இஷாவுக்குத் திரும்பலாமா?



இணுவிலிலிருந்து ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார். "காங்கேசன்துறையில் கப்பல் ஏறினால் நாலு மணித்தியாலத்தில் நாகப்பட்டினம் என்கிறார்கள். என் மாமி மகள் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். முகம் பார்த்துப் பல வருடம். சுபஹுத் தொழுதுவிட்டுப் புறப்பட்டு இஷாவுக்கு வீடு வந்துவிடலாமா? இரவு தங்குவதென்றால் வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள்."

இந்தச் சகோதரிக்கு மட்டுமல்ல, இதே எண்ணத்தோடு இருக்கும் எல்லோருக்கும் ஒளிக்காமல் பதில் சொல்லிவிடுவோம். முடியாது. நம் கரையிலிருந்து போகிறவருக்கு அது ஒரு நாள் பயணம் அல்ல.

காரணம் எளிது. கப்பல் நாகப்பட்டினத்துக் கப்பல். காலையில் அங்கே புறப்பட்டு நண்பகல் அளவில் காங்கேசன்துறைக்கு வருகிறது. பிற்பகலில் இங்கே ஆட்களை ஏற்றிக்கொண்டு மாலையில் அங்கே போய்ச் சேருகிறது. நீங்கள் இறங்கும்போது மஃரிப் நெருங்கியிருக்கும். திரும்பும் கப்பல் மறுநாள் காலையில்தான். அதில் ஏறினால் மாமி மகள் வீட்டில் ஒரு இரவு உறங்கி எழுந்ததைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது. ஆகவே குறைந்தது இரண்டு இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலும் அப்படியே கேளுங்கள். "ஒரு நாள்தானே" என்று சொல்லிச் சம்மதம் வாங்கிவிட்டு, பிறகு துறைமுகத்திலிருந்து "கப்பல் இல்லையாம்" என்று தொலைபேசியில் சொல்வதை விட, முதலிலேயே உண்மையைச் சொல்லி, துணைக்கு வருவது கணவரா, நானாவா, மகனா என்பதையும் பேசி முடிப்பதே மேல். அவருக்கும் கடவுச்சீட்டு வேண்டுமல்லவா?

கடல் தூரம் பெரிதல்ல. ஏறக்குறைய 60 கடல் மைல், அதாவது 111 கிலோமீட்டர். இணுவிலிலிருந்து காங்கேசன்துறை வீதியில் மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று போனால் துறைமுகம். 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை மீண்டும் ஓடத் தொடங்கிய ரயிலுக்கு இணுவிலிலும் ஒரு தரிப்பிடம் உண்டு. அக்கரையில் பேசுவதும் தமிழ். இரு நாட்டுக்கும் நேரம் ஒன்றே என்பதால் கைக்கடிகாரத்தைக் கூடத் திருப்ப வேண்டியதில்லை. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஏன் போக முடியவில்லை? தடை கடலில் இல்லை, சகோதரிகளே. நம் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அங்கே இருக்க வேண்டிய கடதாசிகள் இல்லாததுதான் தடை.

யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசத்தில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டபோது, கைக்குழந்தையைத் தூக்கவா, வயோதிப உம்மாவைப் பிடிக்கவா என்று தவித்தவர்களில் எத்தனை பேருக்குப் பிறப்புச் சான்றிதழ் நினைவுக்கு வந்திருக்கும்? அதன் பின் புத்தளத்து முகாம்களில் ஓலைக் கொட்டிலுக்குள் பல வருடங்கள். ஆண்கள் தொழிலுக்கும் வெளிநாட்டுக்கும் போவதற்காக ஒருவாறு தங்கள் பத்திரங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். "உனக்கு எதற்கு?" என்று பெண்களின் பத்திரங்கள் பல வீடுகளில் அப்படியே விடுபட்டுப் போயின. முப்பத்தைந்து வருடம் கடந்தும் அந்தக் குறை சில வீடுகளில் தீரவில்லை.

இன்னொன்றும் உண்டு. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி, பதிவு செய்யப்படவில்லை என்ற ஒரே காரணத்தால் நிக்காஹ் செல்லாமல் போவதில்லை. நல்லதுதான். ஆனால் நிக்காஹ் செல்லுபடியாவது வேறு, அதற்கான அத்தாட்சி கையில் இருப்பது வேறு. அந்தச் சட்டம் மணமகளின் கையெழுத்தைக் கட்டாயமாகக் கேட்கவில்லை. வலியும் மாப்பிள்ளையும் கையெழுத்திட்டால் போதும். அதனால் தன் விவாகப் பதிவுப் பத்திரத்தைக் கண்ணாலும் காணாத பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கணவர் பெயரோடு கடவுச்சீட்டு எடுக்க வேண்டி வரும்போதுதான் அப்படியொரு பத்திரம் உண்டா இல்லையா என்ற தேடல் தொடங்குகிறது.

எனவே பயணத்தின் முதல் படி கப்பல் சீட்டு அல்ல. இந்த வாரமே ஒரு கோப்பை எடுத்து, உங்கள் பெயரை அதன் மேல் எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ் மூன்றையும் அதில் வையுங்கள். இல்லாததற்குப் பிரதேச செயலகத்தில் பிரதி கேட்டு விண்ணப்பியுங்கள். பிறப்பே பதியப்படவில்லை என்றால் காலங்கடந்த பதிவுக்கு வழி இருக்கிறது. மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஒன்றில் "பாத்திமா", மற்றதில் "பாத்துமா" என்றிருந்தால் அதைத் திருத்துவதற்கே மாதங்கள் ஆகலாம். கடவுச்சீட்டுக்காகப் பத்தரமுல்லைக்கோ வவுனியாவுக்கோ அலைந்த காலமும் இப்போது இல்லை. 2025 செப்டம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே அலுவலகம் திறந்துவிட்டார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போவதானால் அவர்களுக்கும் கடவுச்சீட்டு வேண்டும். அதற்குத் தாய் தகப்பன் இருவரின் சம்மதமும் கேட்பார்கள்.

இரண்டாவது, விசா. யாழ்ப்பாணத்தில் 2010 முதல் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. கடவுச்சீட்டில் ஆறு மாதமாவது காலம் மிச்சம் இருக்கட்டும். இணையத்தின் மூலம் எடுக்கும் இ-விசா எல்லாத் துறைமுகங்களிலும் ஏற்கப்படுவதில்லை. நாகப்பட்டினத் துறைமுகத்தில் அது செல்லுமா என்று பணம் கட்டுவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பணம் கட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

மூன்றாவது, காலம். இந்தக் கடலில் கப்பல்கள் வருவதும் நிற்பதும் புதிதல்ல. 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலை 1964 டிசம்பர்ப் புயல் முடித்துவைத்தது. அதன் பின் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியதைப் போர் நிறுத்தியது. 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வந்த கப்பல் அந்த நவம்பரிலேயே நின்றது. நாகப்பட்டினம் – காங்கேசன்துறை சேவை 2023 ஒக்டோபர் 14இல் செரியபாணி என்ற கப்பலோடு தொடங்கி ஒரு வாரத்துக்குள் பருவமழையால் நின்றது. 2024 ஓகஸ்ட் 16இல் 150 பேர் அமரும் சிவகங்கை கப்பல் வந்தது. நவம்பரில் நிறுத்தி, 2025 பெப்ரவரி 22இல் மறுபடி தொடங்கினார்கள்.

இதிலிருந்து நாம் படிக்க வேண்டியது ஒன்று. வாடைக்காற்று அடிக்கும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை இந்தப் பயணத்தை நினைக்க வேண்டாம். மாசி, பங்குனி மாதங்கள் நல்லவை. சோளகம் பலமாக வீசும் நாட்களில் வயிறு புரட்டும். கப்பல் ஓடும் நாட்களும் கட்டணமும் கொண்டுபோகக்கூடிய பாரமும் அடிக்கடி மாறுவதால், போன வருடம் போய்வந்தவர் சொன்னதை நம்பாமல் புறப்படும் கிழமையில் நீங்களே கேளுங்கள்.

இப்படிச் சேவை தடைப்படக்கூடும் என்பதால் வீசாக் காலத்திலும் மருந்திலும் கைச்செலவிலும் இரண்டு மூன்று நாட்கள் கூடுதலாக வைத்துக்கொள்வது அவசியம். சீனி வருத்தத்துக்கோ பிரஷருக்கோ மாத்திரை எடுப்பவர்கள் கணக்காக எண்ணிக்கொண்டு போகாதீர்கள். கப்பல் நின்றுவிட்டால் பலாலி வழியான விமானம் ஒரு மாற்று. 2019இல் அது சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அந்தச் செலவுக்கும் சிறிது ஒதுக்கி வைப்பது புத்திசாலித்தனம்.

இனிப் புறப்படும் நாள். பிற்பகல் கப்பல்தானே என்று வீட்டில் சாவகாசமாக இருந்துவிடாதீர்கள். குடிவரவு, சுங்கம், பொதிச் சோதனை எல்லாம் ஏறுவதற்கு முன்பே நடக்கும். கனத்த சாப்பாடு வேண்டாம். இஞ்சித் துண்டு, எலுமிச்சம்பழம், சிறு பிள்ளைக்கு மாற்று உடை கைப்பையில் இருக்கட்டும். பயணத் தொழுகைக்குரிய சலுகை இந்தத் தூரத்துக்கு உண்டு. சுருக்குவதும் சேர்ப்பதும் உங்கள் மத்ஹபின்படி எப்படி என்று புறப்படும் முன்பே கேட்டு வைத்தால், ஆடும் கப்பலில் தடுமாற வேண்டியிருக்காது. அக்கரையில் நாகூர் சில கிலோமீட்டர் தூரம்தான். கந்தூரி நாட்களில் அங்கே அறை கிடைப்பது அரிது. சொந்தக்காரர் வீடு இல்லாதவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

"ஒரு மாமி மகளைப் பார்க்க இத்தனை பாடா?" என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தக் கோப்பு கப்பலுக்கு மட்டும் உதவப்போவதில்லை. நாளை ஹஜ்ஜுக்கு நிய்யத் வைத்தாலும், காணி உறுதியில் உங்கள் பங்கைக் கேட்டாலும், அல்லாஹ் காப்பாற்றட்டும், கணவர் இல்லாத ஒரு நாள் வந்து ஓய்வூதியமோ வங்கிப் பணமோ கேட்க நேர்ந்தாலும், முதலில் கேட்கப்படுவது அதே கடதாசிகள்தான். கப்பல் இந்த வருடம் தவறினால் அடுத்த வருடம் வரும். பத்திரங்கள் தாமாக வந்து சேர மாட்டா.

சாப்பாட்டு வேலை முடிந்ததும் இன்றைக்கே அலுமாரியைத் திறந்து பாருங்கள். உங்கள் பெயரில் அங்கே என்ன இருக்கிறது?

வஸ்ஸலாம்.