மறைத்தது அழிந்ததன்று

 

வீட்டுப் பேழைகளில் செல்லரித்துக் கிடக்கும் பழைய புகைப்படங்களைக் கணினியில் ஏற்றிப் பாதுகாப்பது குறித்துச் சென்ற திங்கள் எழுதியிருந்தேன். ஏற்றிய படத்தில் கறையை நீக்குவதும் தேவையற்றதை மறைப்பதும் எவ்வாறு என்று இம்முறை காண்போம். உருவப்படம் பற்றி உலமாப் பெருமக்களிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதை அறிவேன். அவ்விவாதத்தை இங்கே தொடங்கப் போவதில்லை. படங்கள் நம் இல்லங்களில் இருக்கின்றன. அவற்றைக் கையாளும்போது ஓர் அமானிதத்தைக் கையாளுகிறோம் என்ற நினைவு வேண்டும் என்பதே என் கவலை. அக்கவலை எனக்கு வந்த கதையையும் மறைக்காமல் சொல்கிறேன்.

1985ஆம் ஆண்டு என் பெற்றோர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட காலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் எடுத்த படம் ஒன்று உண்டு. அப்போது எனக்கு ஆறு வயது. நடுவே வாப்பா, அவர்கள் அருகே உம்மா, உம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி நான். இடது ஓரத்தில், உம்மாவின் தோளோடு தோள் ஒட்டி, அடுத்த வீட்டு மாமி. மர்ஹூமா உம்மாவின் முகம் தெளிவாகத் தெரியும் படம் எங்களிடம் இது ஒன்றே. உடன்பிறந்தோர் நால்வரும் ஆளுக்கொரு பிரதி கேட்டார்கள். மாமி இன்றும் நலமாக இருக்கிறார்கள். செய்தி அறிந்து என்னை அழைத்துச் சொன்னார்கள்: “தம்பி, உம்மா படத்த நல்லா எடுத்து வச்சுக்குங்க. எம் முகம் மட்டும் வெளியில போக வேணாம்.”

நான் வாக்குக் கொடுத்தேன். கணினிப் பயிற்சி பெற்ற என் மூத்த மகள் பணியை ஏற்றுக்கொண்டாள். நான் அருகில் அமர்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

அவள் பயன்படுத்தியது ‘கிம்ப்’ என்னும் இலவச மென்பொருள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் இருவர் உருவாக்கி 1996இல் வெளியிட்டது. விலை கொடுத்து வாங்கும் ‘போட்டோஷாப்’ 1990இல் வந்தது. எனினும் அதில் ‘லேயர்’ எனப்படும் அடுக்கு முறை 1994ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில்தான் புகுந்தது. அதற்கு முன்பு ஒரு படத்தின் மேல் இன்னொன்றை ஒட்டிவிட்டால் இரண்டும் ஒன்றாகிப் போகும். பிறகு பிரிக்க இயலாது. அடுக்கு வந்த பின் கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததுபோல் ஒவ்வொன்றும் தனித்தனியே நிற்கிறது.

அந்த அடுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை மாட்டலாம். அதுவே ‘லேயர் மாஸ்க்’. மாஸ்க் என்னும் சொல்லுக்கு, கோமாளியைக் குறிக்கும் ‘மஸ்கரா’ என்ற அரபுச் சொல்லோடு உறவு சொல்லும் அகராதியாளர்களும் உளர். எனக்கோ ‘ஹிஜாப்’ என்ற சொல்தான் நினைவுக்கு வந்தது. அதன் நேர்ப்பொருளே திரை என்பதுதானே!

இத்திரையின் இலக்கணம் எளியது. திரையில் வெள்ளை இருக்கும் இடத்தில் அந்த அடுக்கின் படம் தெரியும். கறுப்பு இருக்கும் இடத்தில் படம் மறைந்து, கீழுள்ள அடுக்கு தெரியும். சாம்பல் நிறமாயின் பாதி தெரியும், பாதி மறையும். பொதுவாக நாம் கையாளும் படங்களில் கறுப்புக்கு 0 என்றும் தூய வெள்ளைக்கு 255 என்றும் எண். இவ்விரண்டுக்கும் இடையே எத்தனை சாம்பல் உண்டோ அத்தனை அளவில் மறைக்கலாம்.

என் மகள் முதலில் திண்ணைச் சுவரின் வெற்றுப் பகுதியைப் படத்திலிருந்தே நகலெடுத்து, அதனைக் கீழ் அடுக்காக வைத்தாள். மேலே முழுப்படம். முழுப்படத்துக்கு வெள்ளைத் திரை ஒன்றை மாட்டினாள்; எதுவும் மாறவில்லை. பின்னர்க் கறுப்புத் தூரிகையால் மாமி இருக்கும் இடத்தில் தடவத் தடவ, மாமி மறைந்து சுவர் தோன்றிற்று. இங்கே புதியவர்கள் தவறாமல் செய்யும் பிழை ஒன்றுண்டு. அடுக்குப் பட்டியலில் படத்துக்கு ஒரு சிறுபடமும் திரைக்கு ஒரு சிறுபடமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். திரையின் சிறுபடத்தைச் சொடுக்கித் தேர்ந்துகொள்ளாமல் தூரிகையை எடுத்தால், கறுப்பு மை நேராகப் படத்தின் மேலேயே விழும். முதல் நாள் நான் முயன்றபோது வாப்பாவின் தொப்பிக்கு அக்கதிதான் நேர்ந்தது.

உம்மாவின் தோளருகேதான் கடினம். ஒரு கணம் கை அதிகம் போயிற்று. உம்மாவின் தோளில் பாதி மறைந்துவிட்டது. எனக்கு நெஞ்சு பதைத்தது. அவளோ சிரித்தாள். விசைப்பலகையில் ‘எக்ஸ்’ எழுத்தைத் தட்டினாள். தூரிகையின் நிறம் வெள்ளையாயிற்று. அதே இடத்தில் தடவினாள். மறைந்த தோள் ஓர் இழையும் குறையாமல் திரும்பி வந்தது. அழிப்பான் கருவியால் அழித்திருந்தால், கோப்பைச் சேமித்து மூடிய பின் அந்தத் தோளைப் பெரும்பாலும் மீட்க இயலாது. திரையோ எதையும் அழிப்பதில்லை. இன்றில்லாவிட்டால் அடுத்த ஆண்டும் திரும்பி வந்து திருத்தலாம். உம்மாவின் மெல்லிய முக்காட்டின் ஓரத்தில் காலை வெயில் ஊடுருவியிருந்தது. அவ்விடத்துக்கு மென்மையான விளிம்புள்ள தூரிகையும் இளஞ்சாம்பலும் தேவைப்பட்டன. அந்த ஓரத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஆயிற்று. முக்காட்டின் ஓரம் கத்தரித்து ஒட்டியதுபோல் இருந்தால் உம்மாவே அந்நியமாகத் தெரிவார்கள் என்றாள் அவள். நியாயந்தானே?

ஒன்று சொல்ல வேண்டும். இவ்வாறு ஒருவரை நீக்குவதும் நடந்ததை மாற்றிச் சொல்வதுதான். ஆகவே ஒவ்வொரு பிரதியின் பின்புறத்திலும் ‘இடது ஓரத்தில் இருந்த ஒருவர் அவரது விருப்பப்படி நீக்கப்பட்டுள்ளார்’ என்று எழுதுவதென முடிவு செய்தோம். இல்லாதவரைச் சேர்க்கும் வேலையும் இத்திரையால் ஆகும். மறைந்த தந்தையை மகளின் நிக்காஹ் படத்தில் நிற்க வைத்துத் தரும்படி கேட்போர் உண்டு. ஏக்கம் புரிகிறது. ஆயினும் என் மனம் அதற்கு இடந்தரவில்லை.

இனி என் தவற்றுக்கு வருகிறேன். பணி முடிந்ததும் என் மகள் இரண்டு கோப்புகளைச் சேமித்துவிட்டுக் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். ஒன்று ‘ஜேபெக்’, மற்றொன்று அடுக்குகளும் திரையும் அப்படியே இருக்கும் ‘பிஎஸ்டி’. அச்சிடும் கடைக்கு அனுப்ப வேண்டியவன் நான். இரண்டில் பின்னதே அளவில் பெரியது. பெரியதில்தான் தெளிவு மிகுதி என்று நானாக எண்ணிக்கொண்டு அதனை அனுப்பினேன்.

மறுநாள் கடைக்குச் சென்று உறையைத் திறந்தேன். நான்கு பிரதிகளிலும் திண்ணையின் இடது ஓரத்தில் மாமி அமர்ந்திருந்தார்கள். கடைப் பையன் குற்றமற்றவன். கோப்பைத் திறந்தபோது ஏதோ ஒரு பகுதி தவறுதலாக மறைந்திருக்கிறது என்று நினைத்துத் திரையை விலக்கியிருக்கிறான். போட்டோஷாப்பில் ஷிப்ட் விசையை அழுத்தியவாறு திரையின் சிறுபடத்தைச் சொடுக்கினால் போதும். மறைத்தவை யாவும் வெளிப்பட்டுவிடும். “முழுசா வந்திருக்கு பாருங்க சார்” என்று மகிழ்ச்சியோடு நீட்டினான். கணினியிலிருந்து கோப்பை என் கண்ணெதிரே நீக்கச் செய்துவிட்டு வெளியேறினேன்.

எந்தக் குணத்தைக் கண்டு இரண்டு நாள் முன்பு வியந்தேனோ, அந்தக் குணமே என்னைக் காட்டிக் கொடுத்தது. திரையிட்ட கோப்பைப் பிறருக்கு அனுப்புவது, பூட்டாத கதவுக்குத் திரைச்சீலை போட்டுவிட்டு ஊருக்குப் போவது போன்றது. ஆகவே இதனைப் படிக்கும் தாய்மார்களும் பிள்ளைகளும் கவனிக்க வேண்டும். பிஎஸ்டி, கிம்ப்பின் ‘எக்ஸ்சிஎஃப்’ ஆகிய அடுக்குக் கோப்புகள் வீட்டை விட்டு வெளியே போகலாகாது. வெளியே அனுப்புவதற்கு எல்லா அடுக்குகளையும் ஒன்றாக்கி ஜேபெக்காக ஏற்றுமதி செய்து, அதனைத் தனியே திறந்து பார்த்து, பிறகு அனுப்புங்கள். ஓரத்தை வெட்டிவிட்டேன் என்றும் நிம்மதி கொள்ளாதீர்கள். போட்டோஷாப்பில் வெட்டிய பகுதியை நீக்குமாறு தேர்வு செய்யாவிட்டால் அதுவும் கோப்பினுள் ஒளிந்தேயிருக்கும். சாம்பல் பூசி மங்கலாக்குவது மறைப்பே ஆகாது. முகத்தைச் சுழற்றிக் கலைப்பதும் அப்படித்தான். ஒரு குற்றவாளி தன் முகத்தை அவ்வாறு சுழற்றிக் கலைத்து வெளியிட்ட படத்தைப் புலனாய்வாளர்கள் மீண்டும் நேராக்கினர். 2007இல் இன்டர்போல் அதனை வெளியிட, தாய்லாந்தில் அவன் பிடிபட்டான். அவன் பிடிபட்டது நல்லதே. ஆனால் நம் வீட்டுப் பெண்களின் படத்தையும் அதே வழியில் நேராக்க முடியும் அல்லவா?

கடையிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. நேரே மாமியிடம் சென்றேன். சொல்லாமல் விட்டிருந்தால் அவர்களுக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. அந்த எண்ணம் வழியில் வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நடந்ததைச் சொல்லி உறையை வைத்தேன். மாமி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர்க் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, ஒரு பிரதியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள்.

“உங்க உம்மா அன்னிக்கு உடுத்தியிருக்குறது என்னோட சேலை, தம்பி. பயணத்துக்குப் புதுசா ஒண்ணும் எடுக்கலன்னு நாந்தான் கொடுத்தேன்.”

எனக்கு அது தெரியாது. எங்களில் யாருக்கும் தெரியாது.

அந்தப் பிரதியைத் தம் அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். மற்ற மூன்றையும் அவர்கள் முன்னிலையிலேயே கத்தரித்தேன். கணினியில் இருக்கும் முழுப்படத்தை என்ன செய்வது என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “எம் பேத்திகிட்ட கொடுத்துருங்க. அவ என்னைய இந்த வயசுல பார்த்ததில்ல. உங்ககிட்ட வேணாம்” என்றார்கள்.

வெள்ளிக்கிழமை என் மகள் விடுதியிலிருந்து வந்ததும் அடுக்குக் கோப்பையும் மூலப்படத்தையும் ஒரு பென்டிரைவில் ஏற்றி, மாமியின் பேத்தியிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். மூலப் புகைப்படத்தையும் கூடவே அனுப்பினேன். எங்கள் கணினியில் இப்போது ஜேபெக் மட்டுமே இருக்கிறது. அதிலிருந்து நான்கு பிரதிகள் அச்சிட்டோம். பின்புறக் குறிப்பில் மேலும் ஒரு வரியை என் மகள் சேர்த்திருக்கிறாள்: ‘உம்மா உடுத்தியிருப்பது அவரது சேலை.’