கயிறு கட்டிக்கிட்டு ஓடுவோம்

படப்பையில் விடியற்காலை 5 மணிக்கு சைக்கிள் எடுத்தவங்களுக்குத் தெரியும். வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டில், ஒரகடம் போற கன்டெய்னர் லாரி உரசுற மாதிரி கடக்கும்போது ஹேண்டில்பார் தானா ஆடும். உயிர் எவ்வளவு லேசானதுன்னு அந்த நொடியில் புரியும்.

டிரையத்லான் ஆசையில் நானும் அப்படித்தான் கிளம்புவேன், யார்கிட்டயும் சொல்லாம. ‘உனக்கு எல்லையே இல்லை’ங்கிற ரீல்ஸ் வசனம்தான் துணை. அது பொய்னு இப்போ தோணுது.

ஔரங்காபாத்தைச் சேர்ந்த நிகேத் தலாலுக்கு 2015-ல் கிளாக்கோமாவால் பார்வை போனது. 2020-ல் துபாயில் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம் என அரை அயர்ன்மேனை முடித்தார். பார்வையற்ற இந்தியர் ஒருவர் அதை முடித்தது அதுவே முதல்முறை. இந்தப் போட்டியில் பார்வையற்றவர்கள் தனியாகப் போவதில்லை. நீந்தும்போதும் ஓடும்போதும் வழிகாட்டியோடு ஒரு கயிறு பிணைத்திருக்கும்; சைக்கிள், இருவர் சேர்ந்து மிதிப்பது.

2025 ஜூலையில் நிகேத் மாடியிலிருந்து விழுந்து இறந்தார்.

அப்போ அந்தப் பயிற்சியெல்லாம் வீணா? இல்லவே இல்லை. எவ்வளவு வலுவான உடம்புக்கும் உத்தரவாதம் கிடையாது. ஆனா துபாயில் அவர் ஓடி முடித்த அந்த நாளை எந்தச் சாவும் திருப்பி எடுத்துக்க முடியாது. அதுக்காகவே பயிற்சி எடுக்கணும். கயிறோட எடுக்கணும்.

இப்போ சைக்கிளுக்குப் பின்னாடி சிவப்பு லைட் எரியுது. ரூம்மேட்டுக்கு லைவ் லொகேஷன் அனுப்பிட்டுத்தான் கிளம்புறேன். தூக்கக் கலக்கத்துல அவன் சொல்ற “சரிடா, பாத்துப் போ”தான் என் கயிறு.