டிப்ளோமா இல்லாத தம்பிமாருக்கு

ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது, "தம்பி என்ன படிக்கிறார்?" என்று கேட்கிறோம். பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட பிள்ளை அதற்குப் பயந்தே ஆலயத்துக்கு வராமல் நின்றுவிடுகிறான். அந்தக் கேள்வியை விட்டுவிடுவோமே.

ஒன்ராறியோவில் பத்தாம் வகுப்பு முடித்திருந்தாலே பல கைத்தொழில்களில் அப்ரண்டிஸாகச் சேரலாம். சம்பளம் வாங்கிக்கொண்டே பழகலாம். பிளம்பராவதற்கு 9,000 மணித்தியாலம், ஏறக்குறைய ஐந்து வருடம். கட்டட வேலையில் உயரத்தில் ஏறுவதற்குச் சட்டம் கேட்கும் பயிற்சி ஒரே நாளில் முடிந்துவிடும். கஷ்டம் ஒரு முதலாளியைப் பிடிப்பதில்தான். அவர் சம்மதித்தால்தான் பதியலாம். முன்பின் தெரியாத பையனை யார் எடுப்பார்? பவுலுக்கே கொரிந்துவில் ஆக்கில்லாவின் வீட்டில்தான் கூடார வேலை கிடைத்தது.

பிளம்பர் வேலை, கூரை வேலை செய்யும் மாமாமார் நம் சபையில் இருக்கிறார்கள். தம்பிமாரே, கூச்சப்படாமல் கேளுங்கள். மாமாமாரே, இந்தக் கோடையில் ஒருவரையாவது வேலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.