சூரிய பம்பும் வறண்ட கிணறும்

மின்வெட்டே தமிழ்நாட்டு ஜனங்களுக்கு இன்வர்ட்டர் என்னும் சொல்லைக் கற்பித்தது. 2012-ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியேயுள்ள ஜில்லாக்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக விளக்கணைந்து கிடந்த காலத்தில், திண்டுக்கல் நகரத்து நடுத்தரக் குடும்பத்தார் பலர் கடன் வாங்கியேனும் ஒரு பாட்டரியையும் ஒரு பெட்டியையும் மாடிப்படிக்கு அடியில் வைத்துக்கொண்டனர். மலிவான பெட்டி வாங்கியவர் வீட்டில் மின்விசிறி இரவெல்லாம் ரீங்காரமிட்டது. சற்று அதிக விலை கொடுத்தவர் வீட்டில் ஓசையின்றிச் சுழன்றது. இவ்விரண்டுக்கும் உள்ள பேதம் யாது என்று அன்று விசாரித்தவர் சிலரே. இன்றோ அவ்விசாரணை அவசியமாகிவிட்டது. ஏனெனில் அதே ஜாதிப் பெட்டி இப்பொழுது சமவெளிக் குடியானவரின் கிணற்றடிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதுவும் பெரும்பங்கு பொதுஜனங்களின் வரிப்பணத்தில் வந்திருக்கிறது. அதை எதற்குப் பயன்படுத்துவது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு நம் எல்லோரையும் சார்ந்தது.

பாட்டரியும் சூரியப் பலகையும் தருவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். மோட்டாரும் விசிறியும் கேட்பது வினாடிக்கு 50 முறை அலைபோல் ஏறி இறங்கித் திசைமாறும் மின்சாரம். இடையில் நிற்கும் பெட்டி, உள்ளிருக்கும் மின்னணுக் கதவுகளைத் திறந்தும் மூடியும் முன்னதைப் பின்னதாக்குகிறது. மலிவான பெட்டி அரை அலைக்கு ஒருமுறை மட்டும் கதவைப் புரட்டும். அலைக்குப் பதில் செங்குத்தான படிக்கட்டுப் போன்ற மின்சாரம் வெளிவரும். மோட்டார் முனகும், சூடேறும். நல்ல பெட்டியோ வினாடிக்குப் பல்லாயிரம் முறை கதவைத் திறந்து மூடும். அலையின் உச்சியில் கதவு நெடுநேரம் திறந்திருக்கும், அடிவாரத்தில் கணநேரமே திறக்கும். இந்தத் துண்டுகளை மோட்டாரின் கம்பிச்சுருளே ஒன்றுசேர்த்து வழவழப்பான அலையாக்கிக்கொள்ளும். துடிப்பகலப் பண்பேற்றம் என்று பொறியியலார் கூறும் வித்தை இதுவே. ஸ்விட்ஸர்லாந்தின் பிரௌன் பொவேரி கம்பெனியைச் சேர்ந்த இரு பொறியாளர்கள், மோட்டாரின் வேகத்தை ஆள இதைக் கையாளும் முறையை 1964-இல் வெளியிட்டார்கள். அலையின் எண்ணிக்கையை 50-லிருந்து 40-ஆகவோ 25-ஆகவோ குறைத்து, அதற்கேற்ப 415 வோல்ட்டையும் குறைத்துக் கொடுத்தால், பல்சக்கரமும் கப்பியும் இல்லாமலே மோட்டார் நாம் சொல்லும் வேகத்தில் ஓடும்.

அந்தக் கதவுகளில் இன்று உலகெங்கும் பெருவழக்காயுள்ள ஐ.ஜி.பி.டி. என்னும் சாதனத்தின் கதையைத் தேசாபிமானிகள் அறிந்திருத்தல் நலம். அதை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் உருவாக்கிய ஜயந்த் பாலிகா 1948-இல் சென்னையில் பிறந்தவர். 1969-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர். 2024-இல் பின்லாந்தின் மில்லெனியம் தொழில்நுட்பப் பரிசையும் பெற்றவர். மதி நம்முடையது, சரக்கு மட்டும் கப்பலில் வருகிறது! 1937-இல் கோயம்புத்தூரில் மின்சார மோட்டாரையே செய்துகாட்டிய மாகாணம் இது. மோட்டாரை ஆளும் கதவுகளுக்கோ இன்னும் பெரும்பாலும் அந்நிய நாட்டாரை எதிர்பார்த்திருக்கிறோம். 2025 ஆகஸ்டில் மத்திய மந்திரிசபை ஒரிஸ்ஸாவிலும் பஞ்சாபின் மொகாலியிலும் இவ்வகைச் சாதனங்களைச் செய்யும் தொழிற்சாலைகளுக்கு அனுமதி வழங்கியது தாமதமான காரியமே எனினும், வரவேற்கத்தக்கது.

வேடசந்தூர் முதலிய இடங்களிலுள்ள நூற்பாலைகளில் இந்தப் பெட்டி பழகிப்போன பண்டம். பஞ்சு உலர்ந்து நூல் அறாதிருக்க ஆலைக்குள் ஈரக்காற்றை ஓயாமல் செலுத்தவேண்டும். முன்பெல்லாம் பெரிய விசிறியை முழுவேகத்தில் ஓடவிட்டுத் தகட்டினால் காற்றை மறித்துக் குறைத்தனர். காலால் அழுத்தி வண்டியை ஓட்டிக்கொண்டே கையால் பிரேக்கைப் பிடிப்பது போன்ற செய்கை. விசிறியின் வேகத்தை ஐந்தில் நான்கு பங்காகக் குறைத்தால் அது உண்ணும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும்; வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக மின்சாரச் செலவு ஏறியிறங்கும் என்பது இயற்கையின் கணக்கு. நூற்கும் யந்திரத்திலும் கண்டு தொடங்கும்போதும் முடியும்போதும் கதிர்களை மெதுவாக ஓட்டினால் நூல் அறுவது குறைகிறது. இதையெல்லாம் ஆலைமுதலாளிகளுக்கு எவரும் பிரசங்கம் செய்து புகட்டவில்லை. யூனிட்டுக்கு யூனிட் பணம் கட்டுகிறவர்கள் தாமே கற்றுக்கொண்டார்கள்.

வயலில் நிலைமை வேறு. 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புகள் இச்சலுகையில் ஓடுகின்றன. அந்தச் சலுகை ஏழைக் குடியானவரை வாழவைத்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் யூனிட்டுக்கு விலையில்லாத இடத்தில் யூனிட்டை மிச்சப்படுத்தும் யந்திரத்துக்கு மதிப்பு எங்கிருந்து வரும்? 2019-இல் மத்திய சர்க்கார் குசும் திட்டத்தைத் தொடங்கிச் சூரிய பம்புகளுக்கு மானியம் அளித்தது. மாகாண சர்க்காரும் தன் பங்கைச் சேர்த்துக் கொடுத்தது. பெட்டி அவ்வாறு வயலுக்கு வந்தது. மும்முனை மின்சாரம் முறைவைத்து வந்த நாட்களில் நள்ளிரவில் பாம்புக்கும் தேளுக்கும் அஞ்சிக் கிணற்றடிக்கு நடந்தவர்களுக்குப் பகலிலே நீர் இறைக்கும் பம்பு ஒரு விமோசனமே.

ஆயினும் திண்டுக்கல் சமவெளியின் பூமியை மறந்து பேசுவதில் பயனில்லை. சிறுமலைக்கும் குடகனாற்றுக்கும் இடைப்பட்ட இந்நிலம் கெட்டிப் பாறை. நீர் பாறையின் வெடிப்புகளில் மட்டுமே தங்கும். வரவுக்கு மிஞ்சி நீரை எடுத்துவிட்ட பிர்க்காக்கள் இந்த ஜில்லாவில் பல. திறந்த கிணறுகள் வற்றி, ஆழ்துளைக் கிணறுகள் பல நூறு அடிக்கு இறங்கிவிட்டன. இங்கே பெட்டியின் கணக்கு ஒரு விசித்திரமான முறையில் குடியானவருக்கு எதிராகத் திரும்புகிறது. காலையிலும் மாலையிலும் வெயில் மெலிந்திருக்கையில் பெட்டி அலையின் எண்ணிக்கையைக் குறைத்து மோட்டாரை மெதுவாக ஓட்டும். மோட்டாரின் வேகம் பாதியானால், பம்பு நீரை ஏற்றவல்ல உயரமோ கால்பங்காகிவிடும். முழுவேகத்தில் 600 அடிக்கு நீரை ஏற்றும் பம்பு, பத்தில் ஏழு பங்கு வேகத்தில் 300 அடிகூட ஏற்றாது. நீர்மட்டம் 400 அடியில் இருந்தால் மோட்டார் நீருக்குள் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். மேலே ஒரு சொட்டும் வராது. மேட்டுக் கிணற்றுக்காரர் காலை மாலை வெயிலை இவ்வாறு இழக்கிறார். உச்சிவெயிலில் கிணறு வற்றிவிட்டால் அந்த வெயிலையும் இழக்கிறார். மழை பெய்த வாரங்களிலும் அறுவடைக் காலத்திலும் பலகைகள் சும்மா காய்கின்றன. 5 குதிரைத்திறன் பம்புக்குச் சுமார் 4,800 வாட் பலகைகள் வைக்கப்படுகின்றன. நல்ல வெயில் நாளில் அவை 20 யூனிட் அளவில் மின்சாரம் தரவல்லவை.

இந்தச் சமவெளியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, பஞ்சம் நீருக்குத்தான். அப்படியிருக்க, வெயிலை நீர் இறைப்பதற்கு மட்டுமே பயன்படுத்தும்படி பெட்டியைப் பூட்டிவைப்பது என்ன நியாயம்? பூட்டுக்குப் பேர்போன ஊர் என்பதற்காக இதையும் பூட்ட வேண்டியதில்லை. அதே பெட்டிக்கு அலையின் எண்ணிக்கையையும் வோல்ட்டையும் வேறு விதமாய்க் கட்டளையிட்டால், மாட்டுத்தீவனம் நறுக்கும் யந்திரத்தையோ மாவு மில்லையோ சிறு குளிர்சாதன அறையையோ அதுவே ஓட்டும். மத்திய சர்க்காரின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி இலாகா இத்தகைய பொதுப்பயன் பெட்டிக்கு இலக்கணமே வகுத்திருக்கிறது. பம்பை ஓட்ட இயலாத மெலிந்த காலை வெயிலும் தீவனம் நறுக்கப் போதும். தக்காளி விலை வீழ்ந்தால் ஒட்டன்சத்திரத்தில் அதைக் குப்பையில் கொட்டுகிறார்கள். நிலக்கோட்டைப் பூ ஒரு பகலுக்குள் வாடுகிறது. இவற்றுக்கு அருகில் மானியப் பணத்தில் வாங்கிய பலகைகள் வேலையின்றி நிற்பதைக் காணச் சகிக்கவில்லை.

இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். குஜராத்தின் கேடா ஜில்லாவில் தூண்டி என்னும் கிராமத்தில் 2016-இல் ஆறு குடியானவர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, தங்கள் சூரிய பம்புகளின் மிச்ச மின்சாரத்தை மின்சாரக் கம்பெனிக்கு விற்றார்கள். அவர்களுக்குச் சர்வதேச நீர் மேலாண்மைக் கழகம் துணைநின்றது. விற்கும் யூனிட்டுக்கு விலை கிடைக்கையில், வீணாய் இறைக்கும் நீருக்கும் குடியானவர் மனத்தில் ஒரு விலை ஏற்படுகிறது. தண்டனையும் தடையுத்தரவும் இல்லாமல் நீரைக் காக்கும் வழி இதைவிட வேறொன்று நமக்குத் தெரியவில்லை. குசும் திட்டத்திலேயே மின்கம்பியோடு இணைந்த பம்புகளுக்கென்று தனிப்பகுதி இருந்தது. ஆயினும் தனித்து நிற்கும் பம்புகளை வழங்குவதே அதிகாரிகளுக்குச் சுலபமாயிருந்தது. பம்பை எண்ணிக் கணக்குக் காட்டலாம். இறைக்காத நீரை எப்படி எண்ணுவது?

மின் பகிர்மானக் கழகத்தார் ஆட்சேபங்கள் கூறுவர். அவற்றில் சில நியாயமானவை. கம்பியில் மின்சாரம் நின்ற கணமே பெட்டியும் நின்றுவிட வேண்டும். இல்லையேல் கம்பத்தில் ஏறியிருக்கும் தொழிலாளியின் உயிர் போகும். மட்டமான பெட்டிகள் அலையைக் கலக்கி, அக்கம்பக்கத்து மோட்டார்களையும் டிரான்ஸ்பார்மரையும் சூடேற்றும். இவ்விரண்டுக்கும் பரிகாரம் பெட்டிக்குள்ளேயே உண்டு. பரிசோதித்து முத்திரையிட்ட பெட்டிகளை மட்டும் அனுமதித்தால் போதும். அலைகளை வரம்புமீறிக் கலக்கும் ஆலைகளைக் கண்டிக்கத் தெரிந்த கழகத்துக்குக் கிராமத்து மின்பாதையைப் பரிசோதிப்பது அரிய காரியமன்று. எஞ்சியிருக்கும் ஆட்சேபம் பணத்தைப் பற்றியது. இலவசமாய் மின்சாரம் கொடுத்துப் பழகிய ஸ்தாபனம், குடியானவரிடமிருந்து விலைக்கு வாங்கத் தயங்குகிறது. இலவச மின்சாரத்தின் செலவை மாகாண சர்க்கார் மானியமாக ஈடுசெய்கிறது. அம்மானியத்தில் ஒரு பகுதியை வாங்கும் விலையாக மாற்றுவதைப் பற்றிச் சட்டசபையில் பகிரங்கமாக விவாதிக்கட்டும்.

இதனிடையே உடனே செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்றுண்டு. இந்தப் பெட்டிகளின் பெரும்பகை வெப்பம். உள்ளிருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள் ஒவ்வொரு பத்து டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய பாதியாகக் குறையும். தகரக் கொட்டகைச் சுவரில் மேற்கு வெயில் படும்படி மாட்டிய பெட்டி நெடுநாள் தாங்காது. ஆலைக்குச் சொந்தப் பொறியாளர் உண்டு. குடியானவருக்கு யார் உண்டு? பெட்டி பழுதானால் விற்ற கம்பெனியின் ஆள் வரும்வரை பயிர் காத்திருக்காது. மானியம் பெறும் ஒவ்வொரு கம்பெனியும் தன் பெட்டியின் மின்சுற்றுப் படத்தையும் உதிரிச் சாமான்களையும் தாலுகாவுக்கு ஓரிடத்தில் வைக்கவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். ஜில்லாவின் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் சுருள் கட்டக் கற்கும் பிள்ளைகளுக்கு, இந்தக் கதவுகளைச் சோதித்து மாற்றவும் கற்றுக்கொடுக்கலாம். நூறாண்டுக்கு மேலாகப் பூட்டின் நுண்ணிய நெம்புகோல்களை அரத்தால் தேய்த்துப் பொருத்திவந்த கைகளின் பேரப்பிள்ளைகளே அவர்களில் பலர்.