இடம் மாறிய கட்டளைகள்

நெடுங்காலம் பழகிய கருவி ஒன்றின் அமைப்பு திடீரென்று மாறும்போது, அதை நாள்தோறும் கையாண்டு பிழைப்பவர்களுக்கு உண்டாகும் தவிப்பை, வயதானவர்களின் பிடிவாதம் என்றோ புதுமையில் நாட்டமில்லாதவர்களின் முணுமுணுப்பு என்றோ ஒதுக்கிவிடுவது இக்காலத்தில் சகஜமாகிவிட்டது. அது நியாயமன்று என்பது என் அபிப்பிராயம். ஒரு கட்டளை எங்கே இருக்கிறது என்று யோசிக்காமலே கை அதை எட்டிப் பிடிக்கிற நிலை, பல வருஷ அப்பியாசத்தினால் மனிதன் தேடிக்கொண்ட சம்பத்து. அதை ஒரே நாளில் செல்லாக்காசாக்குகிறவர்கள் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

நான் அறிந்தவற்றுள் இதற்கு மிகப் பெரிய உதாரணம், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் வேர்டு 2007ஆம் ஆண்டில் அடைந்த மாறுதல். அவ்வாண்டு ஜனவரி 30ஆம் தேதி கடைகளுக்கு வந்த ஆஃபீஸ் தொகுப்பை வாங்கி, வழக்கம்போல் வேர்டைத் திறந்தவர்கள், ஃபைல், எடிட், வியூ, இன்சர்ட், ஃபார்மட், டூல்ஸ், டேபிள், விண்டோ, ஹெல்ப் என்று ஒன்பது பெயர்களைத் தாங்கித் திரையின் உச்சியில் இருந்துவந்த வரிசையே மறைந்துபோய், அதன் ஸ்தானத்தில் படங்களும் பொத்தான்களும் நிறைந்த அகன்ற பட்டை ஒன்று விரிந்திருப்பதைக் கண்டார்கள். ரிப்பன் என்று அதற்குப் பெயர். ஹோம், இன்சர்ட், பேஜ் லேஅவுட், ரெஃபரன்சஸ், மெயிலிங்ஸ், ரிவ்யூ, வியூ என்ற ஏழு தலைப்புகளின் கீழ், பழைய கட்டளைகள் அனைத்தும் புதிதாகப் பங்கிடப்பட்டிருந்தன. எதையும் எடுத்துவிடவில்லை என்று சொல்லத்தக்க அளவுக்கு எல்லாம் உள்ளே இருந்தன. ஆனால் எதுவும் வைத்த இடத்தில் இல்லை.

அந்த மாறுதலைச் செய்தவர்களின் தரப்பை முதலில் கேட்பதே முறை. விண்டோஸுக்கான வேர்டு 1989ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்தபோது அதில் இருந்த கட்டளைகள் சுமார் 100. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த 2003ஆம் ஆண்டுப் பதிப்பிலோ அவை 1,500க்கு மேல் பெருகியிருந்தன. பொத்தான் பட்டைகள் மட்டுமே முப்பதுக்கும் அதிகம். அஸ்திவாரத்தை மாற்றாமல், பிள்ளைக்குக் கல்யாணமான போதெல்லாம் ஓர் அறையை ஒட்டவைத்துக் கட்டிக்கொண்டே போன பழைய வீட்டைப் போல, அந்த மென்பொருள் வளர்ந்துவிட்டது. நெரிசலைக் குறைப்பதற்காக 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். அடிக்கடி உபயோகிக்கும் வரிகளை மட்டும் மெனுவில் காட்டி, மற்றவற்றை ஓர் இரட்டை அம்புக்குறிக்குப் பின்னால் மறைத்துவைத்தார்கள். அதன் விளைவு விபரீதமாயிற்று. நேற்று ஐந்தாவதாக இருந்த வரி இன்று மூன்றாவதாக நிற்க, நேற்றுக் கண்ணுக்குத் தெரிந்தது இன்று காணாமற்போக, இடத்தை வைத்து ஞாபகம் கொள்பவர்களுக்குப் பிடிமானமே இல்லாமல் போயிற்று.

ஆகவே மேற்பூச்சுப் பயனில்லை என்று தீர்மானித்து, ஜூலி லார்சன்-கிரீன் என்ற அம்மையாரின் தலைமையில், ஜென்சன் ஹாரிஸ் முதலிய வடிவமைப்பாளர்கள் அடிப்படையிலிருந்தே ஆரம்பித்தார்கள். உபயோகிப்பவர்களில் சம்மதம் தந்தவர்களின் கணினிகளிலிருந்து, எந்தக் கட்டளை எத்தனை முறை அழுத்தப்படுகிறது என்ற கணக்கு அவர்களுக்கு வந்து சேர்ந்தது. வேர்டு 2003இல் நடக்கும் வேலை முழுவதிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஒட்டுதல், சேமித்தல், நகலெடுத்தல், செய்ததை மீட்டல், தடித்த எழுத்தாக்கல் என்ற ஐந்து கட்டளைகளிலேயே அடங்கிவிடுகிறது என்பதும், ஒட்டுதல் ஒன்று மட்டுமே நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல் வருகிறது என்பதும் அந்தக் கணக்கில் தெரிந்த உண்மைகள். பேஸ்ட் என்ற பொத்தான் ஹோம் பட்டையின் இடது ஓரத்தில், மற்றவற்றைக் காட்டிலும் பெரிதாக வீற்றிருப்பதற்கு இதுவே காரணம்.

புதிய பங்கீட்டில் தர்க்கம் இருந்தது என்பதை நான் மனமாரச் சொல்லுவேன். பக்கத்தின் தலைப்பிலும் அடியிலும் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வரும்படி அமைக்கும் கட்டளையை எடுத்துக்கொள்வோம். பழைய அமைப்பில் அது வியூ மெனுவில் இருந்தது. ஆவணத்தில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிற சாமானியன், பார்வை வகைகளுக்கான இடத்தில் போய்த் தேடவேண்டும் என்று எவ்வாறு ஊகிப்பான்? புதிய அமைப்பில் அது இன்சர்ட்டுக்கு வந்தது. அதுவே அதற்கு உரிய இடம். பத்திகளை அகர வரிசைப்படுத்தும் கட்டளை டேபிள் மெனுவின் உள்ளே அடைபட்டுக் கிடந்தது. அது ஹோமுக்கு வந்தது. அடிக்குறிப்பு ரெஃபரன்சஸுக்குப் போனது. சொற்களின் எண்ணிக்கை, டூல்ஸ் மெனுவை விட்டு ரிவ்யூவுக்குச் சென்றதோடு நில்லாமல், திரையின் அடிப்பட்டையில் இடது பக்கம் எப்போதும் கண்ணில் படும்படி வந்து உட்கார்ந்தது. எழுதிப் பிழைக்கிற எனக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பிறகும், அந்தக் கணக்கு எண்ணத் தவறிய விஷயங்கள் உண்டு என்றே சொல்லவேண்டியிருக்கிறது. எத்தனை முறை அழுத்தினார்கள் என்பதை அது எண்ணியது. அழுத்தியவரின் ஞாபகம் எதைப் பற்றிக்கொண்டிருந்தது என்பதை எந்தக் கணக்கும் எண்ண முடியாது. நம் ஊர்களில் வேர்டில் வேலை செய்து ஜீவிப்பவர்களில் மிகப் பலர், மெனுக்களில் உள்ள ஆங்கிலச் சொற்களின் பொருளை அறிந்து அவற்றைப் பயின்றவர்கள் அல்லர். மூன்றாவது மெனுவில் கீழிருந்து இரண்டாவது வரி என்று, இடத்தையும் வடிவத்தையும் கொண்டே அவர்கள் கற்றார்கள். ஒருவர் செய்வதைப் பக்கத்தில் நின்று மற்றவர் பார்த்தே அந்த வித்தை பரவியது. இடம் மாறினால் அவர்களிடம் எஞ்சி நிற்பது ஒன்றுமில்லை. பெயரைத் தட்டினால் கட்டளையைக் கொண்டுவந்து தருகிற தேடற்கட்டம் ஒன்று 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது உண்மைதான். அதுவும் பெயர் தெரிந்தவருக்கே உதவும்.

இன்னொன்றும் உண்டு. பழைய அமைப்பில், அட்டவணைக்கான கட்டளைகள் தேவைப்படாத சமயத்திலும் மெனுவில் மங்கலான சாம்பல் எழுத்தில் இருந்துகொண்டே இருக்கும். இப்போது செய்ய முடியாது, ஆனால் இப்படி ஒன்று இருக்கிறது என்ற செய்தி அதில் இருந்தது. ரிப்பனிலோ, அட்டவணைக்குள் கொண்டுபோய்க் குறியை வைத்தாலொழிய அவற்றுக்கான தலைப்புகள் தோன்றவே மாட்டா. வரிசை ஒன்றை நீக்க விரும்பி, அட்டவணைக்கு வெளியே குறியை வைத்துக்கொண்டு எல்லாத் தலைப்புகளையும் புரட்டுகிறவருக்கு, அந்தக் கட்டளை இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிடுகிறது. இடம் மாறியதைத் தேடலாம். இருப்பே தெரியாததை எப்படித் தேடுவது?

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் தட்டச்சு செய்யும் கடை ஒன்றில், ஓர் அம்மாள் இந்தச் சங்கடத்தைத் தாமாகவே கடந்துவந்த விதத்தைப் பார்த்திருக்கிறேன். முத்திரைத்தாளின் மேற்பாதியில் அச்சிட்ட சித்திரமும் மதிப்பும் இருப்பதால், முதல் பக்கத்து வாசகம் தாளின் பாதிக்குக் கீழேதான் ஆரம்பமாக வேண்டும். அதற்கு மேல் விளிம்பை ஏறக்குறைய அரைத் தாள் அளவுக்கு ஒதுக்க வேண்டும். அந்த அளவைக் கேட்டு வாங்கும் பெட்டி, பழைய வேர்டில் ஃபைல் மெனுவுக்குள் பேஜ் செட்டப் என்ற பெயரில் இருந்தது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் ஃபைல் மெனுவே கிடையாது. எங்கே தேடிப் பிடித்தீர்கள் என்று கேட்டேன்.

“மேலே ஸ்கேல் இருக்குல்ல சார், அதை டபுள் கிளிக் பண்ணுங்க. பழைய பெட்டி அப்படியே வந்துடும். அந்த ஸ்கேலை மட்டும் அவங்க மாத்தலை” என்றார் அவர்.

அவர் சொன்னபடியே நான் செய்து பார்த்தேன். மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, இடம், வலம் என்று பழைய கட்டங்களோடு அந்தப் பெட்டி வந்து நின்றது. புதிய அமைப்பின் ரகசியம் ஒன்றை அந்த அம்மாள் எனக்குக் கற்பித்துவிட்டார். மேலே போர்த்தியிருப்பதுதான் புதிது. எழுத்து, பத்தி, பக்கம் இவற்றுக்கான பழைய பெட்டிகள் அதன் பின்னால் உயிரோடு இருக்கின்றன. ரிப்பனில் பல தொகுதிகளின் வலது கீழ்க்கோணத்தில் கண்ணுக்குச் சட்டென்று அகப்படாத சிறிய அம்புக்குறி ஒன்று உண்டு. அதைத் தொட்டால் அந்தந்தத் தொகுதிக்குரிய பழைய பெட்டி திறக்கும். விசைகளும் அவ்வாறே. மாற்றி எழுதுவதற்குக் கண்ட்ரோலும் ஹெச்சும், அச்சிடக் கண்ட்ரோலும் பியும், ரிப்பன் வந்த பிறகும் மாறவில்லை. ஃபார்மட் மெனுவில் பத்தி அமைப்பைத் திறக்கப் பழகிய கை, ஆல்ட்டும் ஓவும் பியும் அடுத்தடுத்து அழுத்தினால், பழைய மெனுவின் விசைகளை மேலே தொடரலாம் என்று ஒரு சிறு குறிப்புத் தோன்றி, வேலையும் நடக்கிறது. மெனுவை நீக்கியவர்களே அதன் விசைகளை விட்டுவைத்தார்கள் என்பதில், விரல்களின் ஞாபகத்தை அவர்கள் அறிந்தே இருந்தார்கள் என்பது விளங்குகிறது.

அறிந்தும் ஏன் பழைய தோற்றத்துக்குத் திரும்ப ஒரு வழி வைக்கவில்லை என்பதே என் கேள்வி. பழைய கட்டளை ஒன்றைத் தொட்டால் புதிய இடத்தைச் சுட்டிக்காட்டும் படவிளக்கம் ஒன்றை அந்நிறுவனம் வெளியிட்டது. வேறு சிலர், பழைய மெனுக்களை ரிப்பனுக்குள் கொண்டுவந்து வைக்கும் துணை மென்பொருள்களைச் செய்து விற்றார்கள். பழைய மெனு, ரிப்பன் இரண்டையும் விட்டுவைத்தால் எவரும் புதியதைக் கற்க மாட்டார்கள், இரட்டைப் பாரம்தான் மிஞ்சும் என்ற வாதத்தை நான் கேட்டிருக்கிறேன். அதற்கு மறுப்பு அந்த நிறுவனத்தின் கையிலேயே இருக்கிறது. மேக் கணினிக்கு அவர்கள் செய்த வேர்டில், 2011 என்ற பதிப்பில் ரிப்பனைக் கொண்டுவந்த பிறகும், மேலே பழைய மெனு வரிசை அழியாமல் நின்றது. இரண்டும் ஒரே திரையில் சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சப் பிரமாணம் வேண்டியதில்லை. லிப்ரே ஆஃபீஸ் என்னும் இலவச மென்பொருளைச் செய்பவர்கள் இன்னும் மேலான வழியைக் கண்டார்கள். 2019ஆம் ஆண்டு வெளியான 6.2ஆம் பதிப்பில், ரிப்பனைப் போன்ற தலைப்புப் பட்டையைப் பொது உபயோகத்துக்குக் கொண்டுவந்தபோதும் பழைய மெனுவையே இயல்பான தோற்றமாக வைத்து, விரும்புகிறவர் விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். இந்த விஷயத்தில் சரியாக நடந்துகொண்டவர்கள் அவர்களே.

மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் ஓரிடத்தில் பின்வாங்கியது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பில், திறத்தல், சேமித்தல், அச்சிடுதல் யாவும் இடது மூலையில் ஆஃபீஸ் சின்னம் பொறித்த வட்டப் பொத்தான் ஒன்றுக்குள் இருந்தன. அதை அலங்காரம் என்று எண்ணி, அழுத்தலாம் என்பதே தெரியாமல் இருந்தவர்கள் எத்தனையோ பேர். 2010ஆம் ஆண்டு அந்த வட்டம் போய், ஃபைல் என்ற எழுத்துகள் பழைய மூலைக்கே திரும்பி வந்தன. ரிப்பனையே நம் இஷ்டப்படி திருத்தி அமைக்கும் வசதியும் அப்போதுதான் கிடைத்தது.

விண்டோஸில் ரிப்பன் உள்ள எந்தப் பதிப்பை உபயோகித்தாலும், வாசகர்கள் ஒரு காரியம் செய்துகொள்ளலாம். தமக்கு அன்றாடம் வேண்டிய கட்டளை எதன் மீதாவது சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தினால், அதை உச்சியில் உள்ள சிறு பட்டையில் சேர்க்கும் வரி ஒன்று தோன்றும். அவ்வாறு சேர்த்தவற்றை, ஆல்ட்டோடு ஒன்று, இரண்டு என்ற எண்களை அழுத்தியே அழைக்கலாம். ரிப்பனில் எந்தத் தலைப்பு விரிந்திருந்தாலும் அந்தப் பட்டை நகராது. நாமே வைத்த இடத்தில், நாம் வைத்த வரிசையில், அவை இருக்கும்.

காரியாலயங்களை நிர்வகிப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. புதிய பதிப்பு வாங்கும்போது அதன் விலையைக் கணக்கில் எழுதுகிறீர்கள். அதைக் கற்பதற்கு ஆகும் நேரத்தை எங்கும் எழுதுவதில்லை. அந்த நேரம் தட்டச்சு செய்பவர்களின் மதிய இடைவேளையிலிருந்தும், வீட்டுக்குப் போகவேண்டிய மாலைப் பொழுதிலிருந்தும் எடுக்கப்படுகிறது. அடுத்த முறை மாற்றும்போது, முதல் ஒரு வாரத்துக்காவது அவர்களுடைய வேலையைப் பாதியாகக் குறைத்துக் கொடுங்கள். பழைய பதிப்பையும் ஒரு கணினியில் விட்டுவையுங்கள்.