புல்லட் முந்துமா?

போன வாரம் கீழ்பென்னாத்தூர் டீக்கடையில் நம்ம பழைய மாணவர்கள் இரண்டு பேருக்குள் வாக்குவாதம். ஒருவனிடம் புல்லட் 350, இன்னொருவனிடம் யமஹா ஆர்15. "சார், 350 சிசி எங்கே, 155 சிசி எங்கே? சாயங்காலம் செஞ்சி ரோட்டில் விட்டுப் பார்த்தால் தெரிஞ்சிடும்" என்றான் புல்லட்காரன். எனக்குப் பகீரென்றது.

பழைய பேப்பர் ஓரத்தில் கணக்குப் போட்டேன். புல்லட் 20 குதிரைத்திறன், எடை 195 கிலோ. ஆர்15 சுமார் 18 குதிரைத்திறன், 142 கிலோதான். 70 கிலோ ஆள் ஏறினால் புல்லட்டில் ஒரு குதிரைத்திறன் 13 கிலோவை இழுக்கணும். ஆர்15ல் 12 கிலோ கூட இல்லை. சிசியை மட்டும் பார்த்துப் பந்தயம் கட்டுகிறவனுக்கு நியூட்டனின் இரண்டாம் விதி மறந்துபோச்சு என்று அர்த்தம்!

புல்லட்டுக்கு 4000 சுற்றிலேயே 27 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அதனால்தான் மேட்டில்கூட கியர் குறைக்காமல் நிதானமாக ஏறுகிறது. அந்த 'டப் டப்' சத்தம்தான் வேகம் என்று நம்ப வைக்கிறது.

க்ரூஸர் எல்லாமே தோற்கும் என்று நான் சொல்லவில்லை. டிரையம்ப் ராக்கெட் 3 இருக்கிறதே, 2458 சிசி, 221 நியூட்டன் மீட்டர். நீளமான, தாழ்வான வண்டி. முன்சக்கரம் லேசில் தூக்காது. முதல் சில விநாடிகள் பெரிய ஸ்போர்ட்ஸ் பைக்குக்கே சவால் விடும். வேகம் ஏற ஏறத்தான் பின்தங்கும்.

புல்லட்காரன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் இரவில் லைட் இல்லாமல் கரும்பு டிராக்டர் வருகிற ரோட்டுக்கு இருவரும் போகவில்லை. டீக்காசு நான்தான் கொடுத்தேன்.