விலைக்கு வாங்கிய திட்டப்பணி

கொங்கு நாட்டில் கல்வி விலைப்பொருளாகி நெடுநாளாயிற்று. சேலத்திலிருந்து நாமக்கல் வரை நெடுஞ்சாலையின் இருமருங்கும் கல்லூரிகள் அணிவகுத்து நிற்கின்றன. பணங்கட்டி இடம் பெறுதல் பழங்கதை. இடம் பெற்றவன் தான் செய்யவேண்டிய படிப்பு வேலையையே கூலி கொடுத்துப் பிறனைக்கொண்டு செய்வித்துக்கொள்ளுதல் இற்றைநாள் வழக்கம்!

பொறியியல் மாணவன் இறுதியாண்டில் தானே ஒன்றை ஆக்கிக் காட்டவேண்டும் என்பதே திட்டப்பணியின் நோக்கம். தலைப்பு முதல் கட்டடம் செய்த பொத்தகம் ஈறாக அதனை அணியமாக்கி விற்பதற்கென்றே நகரங்களில் கடைகள் உள்ளன. அட்டை என்ன நிறம், படிகள் எத்தனை என்னும் இரண்டே வினாக்களுக்கு மாணவன் விடை சொன்னால் போதும். திருச்செங்கோட்டு ஆழ்துளைக்கிணற்று வண்டியோடு வடமாநிலங்களுக்குச் சென்று புழுதி தின்று தந்தை ஈட்டிய பணம், கல்லூரிக்கு ஒருமுறை, கடைக்கு ஒருமுறை என ஒரே படிப்புக்கு இருமுறை கரைகின்றது. மகனோ இருமுறையும் ஒன்றும் கற்றிலன்.

இணையவழிப் படிப்பிலும் இதே நிலைதான். ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை 'சுவயம்' வழியாகப் பயிலலாம் எனப் பல்கலைக்கழக நல்கைக் குழு 2021-இல் விதி வகுத்தது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் அதில் நடத்தும் பாடங்களில், கிழமைதோறும் தரப்படும் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண். நேரிற் சென்று எழுதும் தேர்வுக்கு 75. பயிற்சிக்கு விடை குறித்த கை எவருடையது என்று கணிப்பொறி அறியுமா? தேர்வுக்கூடத்தில்தான் ஆள் யார் என்பது தெரிகின்றது. 25-ஐ விலைக்கு வாங்கியவன் 75-இன்முன் திருதிருவென விழிக்கின்றான்.

ஆய்வேடுகளுக்கு 2018-இல் ஒரு விதி வந்தது. பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைக் கடந்தால் திருத்தி எழுதவேண்டும். 60-ஐக் கடந்தால் ஆய்வுப் பதிவே நீங்கும். நல்ல விதியே. ஆயினும் அது திருடியவனைப் பிடிக்குமேயன்றிக் கூலிக்கு எழுதுவித்தவனைப் பிடிக்காது. புதிதாக எழுதிய ஏடு எதனோடும் ஒத்திராதன்றோ! 2024-ஆம் ஆண்டின் தேர்வு முறைகேட்டுத் தடுப்புச் சட்டமும் அரசுப்பணித் தேர்வு, நுழைவுத் தேர்வு போன்றவற்றுக்கே உரியது. இத்தகைய விற்பனையையே ஆத்திரேலியா 2020-இலும் இங்கிலாந்து 2022-இலும் குற்றமாக்கின. இங்கோ கடைகள் பெயர்ப்பலகையோடு நடக்கின்றன.

மாணவன் ஏன் வாங்குகின்றான்? சோம்பல் ஒரு கரணியம், மறுப்பதற்கில்லை. ஆனால், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழிற் பயின்ற இராசிபுரத்துச் சிற்றூர்ப் பிள்ளையை ஆங்கிலத்தில் அறுபது பக்க அறிக்கை எழுதச் சொன்னால் அவன் எங்கே போவான்? தோட்டத்து நீரெக்கியைக் கழற்றிப் பூட்ட அவனுக்குத் தெரியும். அதை ஆங்கிலத்தில் எழுதத் தெரியாது. ஆங்கிலவழிப் பிள்ளைகளும் அக் கடைக்குச் செல்கின்றனர். அவருட் பலர்க்கு ஆங்கிலமும் வரவில்லை என்பது வேறு கதை. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2023 மே திங்களில் உறுப்புக் கல்லூரிகளில் அதனை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பெழவே பின்வாங்கியது. தமிழ்வழிக்கு அங்கே உள்ள மதிப்பு அவ்வளவே.

வாய்மொழித் தேர்வு இப்பொழுதும் உண்டு. நெட்டுருச் செய்த நான்கு ஆங்கிலத் தொடர்களோடு அது முடிந்துவிடுகின்றது. தேர்வாளர் பொத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "நீ செய்ததைத் தமிழில் சொல், தம்பி" என்று கேட்கட்டும். செய்தவன் கைகளை அசைத்துச் சொல்லத் தொடங்குவான். வாங்கியவன் அட்டையைப் பார்ப்பான்.